ஒன்றரை டன் வீம்பு

செப். 22, திங்கள்

வெயில். காற்றே இல்லை. காலையில் சோலார் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றினேன். குடிக்கிற தண்ணீர் இரண்டு கேன், பாதை முனையிலிருந்து தூக்கி வந்தது. இடுப்பு போச்சு.

நேற்று பூசை முடிந்து வந்ததும் அல்போன்ஸ் பேச்சை எடுத்தார். (கட்டின புருஷன்தான், ஆனாலும் பெயர் நீளம். இனி அ.) போன மழையில் வீட்டுக்குள் முழங்கால் வரை தண்ணீர், சாம்பல் சேற்றோடு. இந்த மழையிலும் உள்ளே வந்தால் நிலத்தைப் பக்கத்து கண்டெய்னர் யார்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, கல்மண்டபத்தில் பழையபடி வாடகை வீடு. அதுதான் அவர் கேட்பது. சரி என்றேன். வாசற்படியைத் தாண்டி ஒரு சொட்டு வந்தாலும் விற்றுவிடலாம். சத்தியம் செய்து கொடுத்தேன். வாய் தவறி இல்லை, தெரிந்துதான்.

அந்தத் தண்ணீர் எங்கள் தண்ணீரே இல்லை. யார்டுக்காரன் லாரி லாரியாக மண் கொட்டி இடத்தை ஆளுயரம் ஏற்றிவிட்டான். அவன் தலையில் பெய்கிற மழை என் கட்டிலுக்கு அடியில் வருகிறது. பழைய வாய்க்கால் அனல்மின் நிலையத்துச் சாம்பலில் மூடிப் போச்சு.

வேண்டியவை:
யார்டு பக்கம் நீளத்துக்கும் ஒரு கரை.
அதை ஒட்டி ஆறு வரை வாய்க்கால்.
அவ்வளவுதான்.

ஆள் வைத்து வெட்டினால் பொங்கல் ஆகிவிடும். வாடகைக்கு வரும் பெரிய பொக்லைன் நுழைய வழியில்லை. பாதையில் யார்டுக்காரன் கான்கிரீட் கட்டை போட்டிருக்கிறான். நடுவில் மூன்றரை அடிச் சந்து, ஸ்கூட்டர் போகலாம். கரண்ட் கம்பமும் அதனால்தான் வரவில்லை.

பாதை அவன் கைக்கு எப்படிப் போச்சு? என் தம்பி சூசை. அப்பா இரண்டாகப் பிரித்துக் கொடுத்ததில் தன் பாதியை யார்டுக்கு விற்றான். பாதை அந்தப் பாதியில். அவனோடு பேசி ஒரு வருஷம். பேசவும் மாட்டேன்.

செப். 24, புதன்

புழுக்கம். அ.-விடம் மாதா கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு மாத்தூர் போனேன். (பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டும்.) ஜப்பானிலிருந்து வந்த பழைய மெஷின்கள் விற்கிற இடம். ஓரத்தில் ஒரு மினி பொக்லைன், மஞ்சள் வெளுத்து மோர் நிறத்தில். ஒன்றரை டன். இரண்டு பக்கத்து இரும்புச் செயினையும் உள்ளே இழுத்துக்கொண்டால் அகலம் மூன்றேகால் அடி. டேப் வைத்து இரண்டு தடவை அளந்தேன்.

மெக்கானிக் என்னை ஏற இறங்கப் பார்த்தான். ஓட்டப் போவது வீட்டுக்கார அண்ணனா என்று கேட்டான். நான்தான் என்றேன்.

"யம்மா, இது தையல் மிஷின் இல்ல."

"இருபத்திரெண்டு வருசம் குடோன்ல போர்க்லிஃப்ட் ஓட்ன கை இது. சாவியக் குடு."

கொடுத்தான். முதல் பத்து நிமிஷம் பக்கெட் நான் சொன்ன பேச்சைக் கேட்கவே இல்லை. அப்புறம் ஒரு குழி வெட்டி, அதே மண்ணைப் போட்டு மூடிக் காட்டினேன். அதன்பின் என்னை மேடம் என்றான். சீட் கிழிசல், ஒரு ஹோஸில் எண்ணெய்க் கசிவு. ஹோஸை மாற்றித் தரச் சொன்னேன். சீட் பரவாயில்லை, என் உட்காரும் இடம் இதைவிட மோசமானதை எல்லாம் பார்த்திருக்கிறது.

செப். 26, வெள்ளி

வாங்கிவிட்டேன். என் பி.எஃப். பணம். அ. சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். "பொம்பளைங்க நகை வாங்குவாங்க" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். சுவர் ஒன்றும் சொல்லவில்லை. மீன் குழம்பு மிச்சம்.

செப். 29, திங்கள்

கோபம்.

மினி லாரியில் மெஷினை ஏற்றிப் பாதை முனைக்கு வந்தோம். சனிக்கிழமை வரை இருந்த மூன்றரை அடிச் சந்தில் புதிதாக இரண்டு கட்டை. இப்போது ஆள் மட்டும் ஒருக்களித்து நுழையலாம். மாத்தூரில் யாரோ சொல்லியிருக்க வேண்டும், இல்லை நானே பெருமை அடித்தது காதுக்குக் காது போயிருக்க வேண்டும். என் வாய் அப்படி.

யார்டு மேனேஜர் வந்தார். இஸ்திரி கலையாத சட்டை. பாதுகாப்புக்காக என்றார். மேடம் மேடம் என்றார். விற்பதாக இருந்தால் இன்றைக்கே பேசலாமாம். அந்த மெஷினையும் சேர்த்து அவரே எடுத்துக்கொள்வாராம். "கட்டைய எடுக்குற அன்னிக்குப் பேசலாம்" என்று திரும்பிவிட்டேன். திரும்பின பிறகுதான் அழுகை. அவர் பார்க்கவில்லை.

லாரிக்காரன் இறக்க இடம் கேட்டுக் கத்துகிறான். பக்கத்தில் லாரி போகிற இடம் ஒன்றே ஒன்று, ஆற்றுக்கு எதிர்க்கரைக் குப்பம். சூசையின் குப்பம். மாதா குருசடி பக்கத்தில் இறக்கினேன். சூசை வலை பிரித்துக்கொண்டிருந்தான். பார்த்தான். மறுபடி வலைக்குக் குனிந்துவிட்டான்.

அக். 3, வெள்ளி

மேகம் வருகிறது, போகிறது.

ஐந்து நாளாக குப்பத்து மணலில் வண்டி ஓட்டிப் பழகுகிறேன். மீன் காய வைக்கிற பெண்கள் வேடிக்கை. ஒருத்தி, "யக்கா, அப்டியே என் வூட்டுக்காரன அள்ளி ஆத்துல போடு" என்றாள். நல்ல பழக்கம் வந்துவிட்டது, ஆனால் இங்கே பழகி என்ன, நிலம் அங்கே. இக்கரையிலிருந்து பார்த்தால் எங்கள் கூரை தெரிகிறது. கூப்பிட்டால் கேட்கிற தூரம்.

சாயங்காலம் சூசை வந்தான். மெஷினை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தான்.

"எத்தினி கனம்?"

"ஒன்ற டன்."

"ரெண்டு படகச் சேத்துக் கட்னா தாங்கும். பௌர்ணமிக்குத் தண்ணி நல்லா ஏறும். காலைல ரெடியா இரு."

போய்விட்டான். ஒரு வருஷம் கழித்துப் பேசின பேச்சு இவ்வளவுதான். பாதையை விற்றவன் நீதானே என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன். நன்றியும் சொல்லவில்லை. அந்த அளவுக்கு இன்னும் மனசு இறங்கவில்லை.

அக். 7, செவ்வாய்

வந்துவிட்டது. வந்துவிட்டது. வந்துவிட்டது.

ஒழுங்காக எழுதுகிறேன். இரண்டு ஃபைபர் படகு, குறுக்கே சவுக்குக் கட்டை, மேலே பலகை. குப்பத்து ஆட்கள் ஆறு பேர். தண்ணீர் உச்சிக்கு ஏறினதும் நானே ஓட்டி ஏற்றினேன். படகு இரண்டு சாண் அமுங்கி நின்றது. நடு ஆற்றில் ஜபமாலை சொன்னேன், பாதியில் எந்த மணி என்று மறந்துவிட்டது.

அக்கரையில்தான் தப்பு செய்தேன். என் தப்பு, வேறு யார் தப்பும் இல்லை. படகைத் திருப்பி, நான் ஏறின பக்கத்தையே கரையில் முட்டினார்கள், அதனால் கரை என் முதுகுப் பக்கம் இருந்தது. கரையைப் பார்த்து இறக்கலாம் என்று மெஷினின் மேல் பாதியைச் சுற்றித் திருப்பினேன். லீவரை முன்னால் தள்ளினேன். போர்க்லிஃப்டில் முன்னால் தள்ளினால் முன்னால்தான் போகும், எப்போதும். இதில் மேல் பாதி சுற்றினாலும் கீழே செயின் சுற்றுவதில்லை. எனக்கு முன்பக்கம், அதற்குப் பின்பக்கம். வண்டி ஆற்றைப் பார்த்துப் பின்னால் போச்சு. செயினின் வால் பலகை விளிம்பைத் தாண்டிவிட்டது. படகு தூக்கியது.

சூசை, "யக்கா, கைய வுடு, கைய வுடு" என்றான். லீவரை விட்டேன். நின்றது. குதிக்கச் சொன்னான். குதிக்கவில்லை. பொக்லைன் கையை நீட்டி, பக்கெட்டை எங்கள் நிலத்துச் சேற்றில் ஊன்றி, மெதுவாக மடக்கினேன். மெஷின் தன்னைத் தானே இழுத்துக்கொண்டு கரை ஏறியது.

யார்டு மதிலுக்கு மேலே மேனேஜர் தலை. இதற்கெல்லாம் அனுமதி உண்டா, இந்தப் பக்கம்தான் விற்றாச்சே என்று சூசையைக் கேட்டார். சூசை கயிறு சுற்றிக்கொண்டே நிமிராமல் சொன்னான்:

"பாதையத்தான் சார் வித்தேன். ஆத்த விக்கல."

அவனுக்குச் சோறு போட்டேன். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான். அ. குழம்பு ஊற்றினார்.

அக். 13, திங்கள்

உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம். வாய்க்கால் முக்கால்வாசி. மேலே மண், ஒரு அடிக்குக் கீழே சாம்பல், அதற்கும் கீழே பழைய கறுப்புக் களிமண், சிப்பியோடு. களிமண்ணைத்தான் கரைக்குப் போடுகிறேன், நிற்கும். சாம்பலைத் தனியாகக் குவிக்கிறேன். இதை யார் எடுத்துப் போவார்கள் என்று தெரியவில்லை. இங்கே கொட்டினவர்கள் வந்து கேட்கப் போவதில்லை.

அ. உதவி செய்யவில்லை. ஆனால் கரை ஓரமாகக் குச்சி நட்டுக் கயிறு கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ரயில்வேயில் தண்டவாளம் பார்த்த கண். "மூணாங் குச்சியாண்ட கோணலா கீது" என்றார். கோணல்தான். சரி செய்தேன்.

மேனேஜர் போன் மூன்று தடவை. எடுக்கவில்லை.

டீசல் — இரண்டு கேன். கிரீஸ். கைக்குத் தேங்காய் எண்ணெய்.

அக். 17, வெள்ளி

வாய்க்கால் ஆற்றைத் தொட்டது. மழை இன்னும் வரவில்லை. வந்து பார்.

அக். 22, புதன்

விடியலிலிருந்து கொட்டுகிறது. நிற்கவே இல்லை. வீட்டுக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன், துணி இன்னும் சொட்டுகிறது. மதியம் மூன்று மணி.

காலை எட்டுக்கு யார்டுத் தண்ணீர் மொத்தமும் கரைக்கு அந்தப் பக்கம். வாய்க்கால் ஓடுகிறது. பத்துக்கு வாய்க்கால் நிரம்பி வழிந்தது, நிலத்தில் கணுக்கால். பதினொன்றுக்கு வாசற்படிக்குக் கீழே நாலு விரல். அ. படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பேசியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். சண்டை போட ஆசையாக இருந்தது.

பதினொன்றரைக்கு மூன்றாம் குச்சி இடத்தில் கரை சரிந்தது. ஒரு பாய் அகலத்துக்கு. யார்டுத் தண்ணீர் அப்படியே உள்ளே. படிக்கு இன்னும் மூன்று விரல்தான், இரண்டு விரல்தான். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினேன். போன் நனையும் என்று அ. கையில் கொடுத்துவிட்டு மெஷினில் ஏறினேன். களிமண்ணை அள்ளி அள்ளிப் போட்டேன், பக்கெட் முதுகால் அறைந்து அமுக்கினேன். கண்ணில் மழை, ஒன்றும் தெரியவில்லை. எந்தப் பக்கம் போட வேண்டும் என்று அ.தான் வாய்க்காலுக்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்று கை காட்டினார், பச்சைக் கொடி இல்லாத குறைதான். குடை ஒரு கையில், அதற்கடியில் என் போன்.

அடைத்தோம். அப்புறம் வாய்க்கால் வாயில் குவிந்திருந்த குப்பையை வாரி எறிந்தேன். தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. படிக்குக் கீழே மூன்று விரல். நான்கு. இப்போது ஒரு சாண். உள்ளே ஒரு சொட்டு வரவில்லை. ஒரு சொட்டு.

அடைத்துக்கொண்டிருக்கும்போதே மேனேஜர் போன் வந்தது. அ. எடுத்தார். இந்த ஒரு வருஷமாக விற்கலாம் விற்கலாம் என்று என் உயிரை வாங்கின மனுஷன். என்ஜின் சத்தத்துக்கு மேலே கத்தினார், எனக்கும் கேட்டது:

"அவ வேலைல கீறா சார். மழ வுட்டப்பறம் பேசு… இல்ல, வேணாம். பேசவே பேசாத."