நாலு மாத அண்ணன்

செவ்வாய், பகல். புழுக்கம்.

இல்லை, என் ரத்தம் ஆகாது. அம்மாவுடையதும் ஆகாது, நைனாவுடையதும் ஆகாது.

விடியற்காலை ஆஸ்பத்திரியில் அக்காவுக்குக் குழந்தை. பெண். நன்றாக இருக்கிறது. அக்காவுக்குத்தான் ரத்தப்போக்கு நிற்க நேரமாகிவிட்டது. உதடெல்லாம் வெள்ளை. ரத்தம் ஏற்றாவிட்டால் தாங்கமாட்டாள் என்கிறார் டாக்டரம்மா. விழுப்புரம் போனால்? வழியிலேயே முடிந்துவிடுமாம்.

விரலில் குத்திக் கண்ணாடித் துண்டில் சொட்டுவிட்டு, மருந்து கலந்து பார்த்தார்கள். சில சொட்டு அப்படியே கலந்தது. சிலது திரிந்த பால் போல.

அம்மா – ஏ
நைனா – பி
நான் – ஏபி
அக்கா – ஓ

"நான் பெத்த பொண்ணுக்கு என் ரத்தம் சேராதா? இன்னாம்மா சொல்றீங்க?" என்றாள் அம்மா.

"சேராதும்மா. அவ ரத்தத்துல ஏ-வும் கெடையாது, பி-யும் கெடையாது. எது உள்ள வந்தாலும் வேத்தாளுன்னு அடிக்கும். உயிருக்கே ஆபத்து. அவளுக்கு ஓ மட்டுந்தான்."

அப்படியானால் அக்கா யார் மகள்? அம்மாவிடம் ஒன்று, நைனாவிடம் ஒன்று என்று வெளியே தெரியாத ஓ இருந்ததாம். இரண்டும் அக்காவுக்குப் போய்விட்டன. தெரிந்த இரண்டும் எனக்கு. புரிந்த மாதிரி இருந்தது. பெஞ்சுக்குத் திரும்புவதற்குள் புரியாமல் போனது.

ஓ யாருக்கும் தரலாம், ஓ-விடம் மட்டுமே வாங்கலாம். ஏபி யாரிடமும் வாங்கலாம், இன்னொரு ஏபிக்கு மட்டுமே தரலாம். பட்டணத்தில் படித்த காலத்தில் என்னைப் பற்றி இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

அதே நாள், சாயங்காலம்.

அத்தான் ஓ. அக்கா புருஷன், அத்தை மகன். சட்டைக் கையை மடித்துக்கொண்டு தயாராக நின்றார். அத்தை குறுக்கே வந்து நின்றாள்.

"புருஷன் ரத்தத்தப் பொண்டாட்டிக்கு ஏத்துனா ரெண்டு பேரும் ஒரே ரத்தம். அண்ணன் தங்கச்சி ஆயிடும். அப்புறம் தாலிக்கு இன்னா அர்த்தம்?"

"ஏற்கெனவே சொந்தந்தானே, அத்தே?"

"அது முறை. இது ரத்தம். படிச்சவளுக்கு இது தெரியலியே."

தெரியவில்லைதான். அத்தை அழுதுகொண்டே சொன்னாள். அக்காவை அவள் வெறுத்துச் சொல்லவில்லை.

அத்தான் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நீ சொல்லு. அப்படி ஆவுமா?"

ஆகாது என்றேன். எப்படித் தெரியும் என்று கேட்டிருந்தால் திணறியிருப்பேன். டாக்டரம்மாவிடம் ஓடினேன். ஏற்றுகிற ரத்தம் உள்ளே எவ்வளவு நாள் இருக்கும்?

"மிஞ்சிப்போனா நாலு மாசம். அதுக்குள்ள அவ சொந்த ரத்தம் ஊறிடும். இது அழிஞ்சிடும்."

அத்தையிடம் வந்து சொன்னேன். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கணக்குப் போடுகிற முகம்.

"நாலு மாசத்துல போயிடுமா? சுத்தமா?"

"சுத்தமா."

"பிள்ள பெத்தவ எப்படியும் அஞ்சு மாசம் தாய் வீட்லதான இருப்பா." அத்தானைப் பார்த்து, "போடா. போய்க் குடு. அஞ்சு மாசம் அந்த வூட்டுப் பக்கம் தல காட்டாத."

இரண்டு ரத்தத்தையும் கலந்து பார்த்தார்கள். திரியவில்லை. அத்தானின் கையிலிருந்து பாட்டிலுக்கு. பாட்டிலிலிருந்து அக்காவுக்கு, சொட்டுச் சொட்டாக. பொழுது சாய்ந்தது. அம்மா சாப்பிடவில்லை. இனி விடிந்தால்தான் தெரியும்.

புதன். லேசான தூறல்.

அக்காவின் உதட்டில் நிறம். கஞ்சி கேட்டாள். நடந்ததைச் சொன்னேன்.

"அப்ப இவரு இப்ப எனக்கு அண்ணனா? பொங்கலுக்குச் சீர் கொண்டாரச் சொல்லு."

அத்தான் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். "பொங்கலுக்குள்ள நாலு மாசம் முடிஞ்சிடும். ஒண்ணும் கெடையாது."

அத்தை சிரிக்கவில்லை. அவரை வெளியே போகச் சொன்னாள்.

ஜெயித்தது எது? டாக்டரம்மாவின் நாலு மாதமா, அத்தையின் அஞ்சு மாதமா? நான் இரண்டுக்கும் நடுவில் ஓடியது மட்டும் நிச்சயம்.

சனி. வெயில்.

அக்கா நம் வீட்டில். தூங்குகிறாள். குழந்தை எந்த வகை என்று யாரும் பார்க்கவில்லை. அம்மா, அப்பா இரண்டு பேரும் ஓ என்பதால் ஓ-வாகத்தான் இருக்கும், ஏபி-யாக இருக்க வழியில்லை என்றார் டாக்டரம்மா. ஏனோ கொஞ்சம் ஏமாற்றம்.

அத்தான் ஆஸ்பத்திரியில் மாற்றிப் போட்ட சட்டை அக்காவின் துணி மூட்டையோடு இங்கே வந்திருக்கிறது. கை மடிப்பில் ஒரு சொட்டு, காய்ந்து. அவருடையது. இப்போது அவளுடையதும்தானா?

பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டேன்.