அதட்டாமல் இழுத்த வண்டி

அண்ணாச்சி,

இன்று காலை திருவேங்கடம் போகிற வழியில், குளத்துக்கரை ஏற்றத்தின் நடுவில் லோடோடு நிற்க வேண்டியதாயிற்று. எதிரே ஓர் ஆட்டு மந்தை. சீட்டுக்கடியில் கிடக்கும் முட்டுக்கல்லை எடுத்துக்கொண்டு இறங்கி, டிரெய்லர் சக்கரத்துக்குக் கொடுத்தேன். டீசல் புகையும் கரிசல் புழுதியும் சேர்ந்து மூக்கில் ஏறின. அவ்வளவுதான், கண் கலங்கிவிட்டது. கண்ணில் தூசியா என்று ஆட்டுக்காரர் கேட்டார். ஆமாம் என்றேன். நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் பொய் சொல்லுதான் என்று அங்கேயே என் மானத்தை வாங்கியிருப்பீர்கள்.

உலகச் சண்டை முடிந்து, பட்டாளத்தில் பெட்ரோல் லாரி ஓட்டிய திமிரோடு ஊருக்கு வந்தவன் நான். சங்கரன்கோவிலில் அப்போது ஸ்டியரிங் பிடிக்கத் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். நீங்களோ ஸ்டேஷனுக்குப் பஞ்சுப்பொதி அடிக்க ஏழெட்டு ஜோடி மாடு வைத்திருந்தவர். திருவேங்கடத்தில் வரப்போகிற பஞ்சு மில்லுக்கு ரயிலில் பாய்லர் வருகிறது, அதை எந்த மாடும் இழுக்காது என்றதும் மாடுகளை விற்றுவிட்டு லாரிக்கு இறங்கினீர்கள். டிரைவர் நான்தான் என்று எனக்கு நானே முடிவு கட்டிக்கொண்டேன். வீட்டில் கைக்குழந்தை. வேறு வேலையும் தெரியாது.

பார்வைக்கு இரண்டு லாரிகள் வந்தன. ஒன்று பட்டாளத்தில் கழித்த பெட்ரோல் வண்டி. இன்னொன்று டீசல், திருநெல்வேலியிலிருந்து அதற்கென்று ஒரு டிரைவரோடு வந்தது. டீசல் வேண்டாம் அண்ணாச்சி, மார்கழிக் குளிரில் எழும்பாது, புகை கக்கும், பழுது பார்க்க ஆள் கிடைக்காது என்று மூன்று நாள் உங்கள் காதில் ஓதினேன். அதெல்லாம் பொய்யில்லை. சொல்லாமல் விட்டதுதான் பெரிது. டீசல் வண்டியை நான் தொட்டதே கிடையாது. அது வந்தால் அந்த டிரைவரும் அதோடு வந்துவிடுவார், என் பிழைப்பு போய்விடும் என்று பயந்தேன். உங்களிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னீர்கள்: "மாடு வாங்குத மாதிரிதாம்லே இதையும் வாங்கணும். ஏத்தத்துல நிப்பாட்டிப் பாப்போம்."

மாடு வாங்கும்போது அதுதானே உங்கள் வழக்கம். பாரம் ஏற்றிய வண்டியை ஏற்றத்தின் நடுவில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிட்டு, சாட்டையைக் கையில் எடுக்காமல் கிளப்பச் சொல்வீர்கள். ஓட்டத்திலேயே ஏறிவிடுகிற மாட்டை நீங்கள் நம்பியதில்லை.

டிரெய்லரில் கல்பலகைகளை அடுக்கி, பாய்லர் கனத்துக்கு ஏற்றியாயிற்று. குளத்துக்கரையில் பெருங்கூட்டம். முதலில் பெட்ரோல் வண்டி, ஸ்டியரிங்கில் நான். மிதித்த மிதியில் இன்ஜின் கத்தியது; வண்டி ஒரு குதி குதித்து அணைந்தது. மறுபடியும் அப்படியே. மூன்றாவது தடவை ரேடியேட்டர் கொதித்து ஆவி அடித்தது, டிரெய்லர் பின்னால் உருள ஆரம்பித்தது. நீங்கள்தான் ஓடிவந்து கல்லைச் சக்கரத்தடியில் தள்ளினீர்கள். வெறும் காலால். என் திமிரெல்லாம் அந்த ஆவியோடு போயிற்று.

அடுத்து டீசல். அந்த டிரைவர் அவசரமே படவில்லை, மிதித்தாரா என்றுகூடத் தெரியவில்லை. அடித்தொண்டையில் ஓர் உறுமல், அவ்வளவுதான். டயர் கல்லைவிட்டு விலகியது. உங்கள் வண்டிக்காரர்கள் நாலு பேர், மாட்டு வண்டிப் பழக்கத்தில், ஆரக்காலைப் பிடித்துத் தள்ள ஓடினார்கள். அங்கே பிடிக்க ஆரக்கால் ஏது? ரப்பரைத் தடவிவிட்டுக் கை தொங்க நின்றார்கள். அவர்கள் முன்னால் சக்கரம் தானாக ஏறிக்கொண்டிருந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது அண்ணாச்சி. இவ்வளவு கனத்தை இத்தனை நிதானமாக ஒன்று இழுக்கும் என்று நான் பட்டாளத்தில்கூடப் பார்த்ததில்லை. நீங்கள் கோபுர வாசலில் செய்வதுபோலத் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டினீர்கள்.

"அதட்டவே இல்ல, பாத்தியாலே" என்றீர்கள் மெதுவாக.

டீசல்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அப்போ நான் வாரேன் அண்ணாச்சி என்று நடந்தேன்.

"எங்கலே போற? மாட்டை மாத்துனா வண்டிக்காரனையுமா மாத்துவாங்க?"

அந்த டிரைவர் பத்து நாள் என் பக்கத்தில் உட்கார்ந்து பழக்கிவிட்டார். மிதிப்பதை மறப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. மழைக்கு முன்னால் பாய்லர் திருவேங்கடம் போய்ச் சேர்ந்தது. கரிசல் மண் ஒரு சக்கரத்தைக்கூட விழுங்கவில்லை.

உங்கள் பதினாறாம் நாளுக்கு அந்த டீசல் டிரைவர் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தார். சாப்பிட்டுக் கை கழுவுகிற இடத்தில் வைத்துச் சொன்னார்: "எந்த லாரின்னு அந்த ஏத்தத்துல வச்சுத்தான் முடிவு பண்ணுனாரு. டிரைவர் நீங்கதான்னு அதுக்கு முந்தியே சொல்லிட்டாரு. டீசல் எடுத்தா பத்து நாள் இருந்து பழக்கிவிடணும்னு சொல்லித்தான் என்னை வரவழைச்சாரு."

ஆக, நான் ஓதிய மூன்று நாளும் என் பயம் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஊருக்கே மானம் வாங்குகிற மனுஷன், அதை மட்டும் கடைசிவரை சொல்லிக் காட்டவில்லை. இப்படியும் ஒரு மனுஷன் இருந்திருக்கிறாரே என்று கைகழுவின ஈரம் காயாமல் நின்றேன்.

மந்தை ரோட்டைக் கடந்துவிட்டது. வண்டியை எடுத்தேன். மிதிக்கவில்லை. தன் பாட்டுக்கு நகர்ந்தது. சக்கரத்தடியில் கிடந்ததை எடுத்து, சாதாரணக் கல்தானே என்று ஓரத்தில் எறியப் போன ஆட்டுக்காரரிடம், எறியாதீங்க, இங்கன தாங்க என்று கை நீட்டி வாங்கிக்கொண்டேன். அன்றைக்கு நான் பின்னால் உருண்டபோது நீங்கள் காலால் தள்ளினீர்களே, அந்தக் கல்தான் அண்ணாச்சி.