வாழைத்தோப்பு பங்களாவின் கூரை

நவ. 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். குடை ஆபீஸில்.

கொள்ளிடக் கரை வாழைத்தோப்பு பங்களா. நிற்குமா நிற்காதா, பார்த்து எழுதித் தரணும். கூப்பிட்டது ராஜேஸ்வரி அக்கா, அங்கே தனியாக இருப்பவர். சென்னையில் இருக்கும் அவர் தம்பிக்கு இடித்து விற்க ஆசை. "நிக்கும்னு இன்ஜினியர் எழுதிட்டா நான் வாயே திறக்க மாட்டேன்"ன்னாராம்.

பன்னிரண்டு வருஷம் முன்னால், ஒழுகுதுன்னு அக்காவோட அப்பா கூப்பிட்டு, அந்த மொட்டைமாடி முழுக்க சிமென்ட் போட்டது நான். அக்கா அப்போ மதுரையில். தெரிஞ்சிருக்காது.

நவ. 5, புதன்

அளந்தாச்சு. சுவர் இரண்டடி கனம். தரைமட்டம் நாலடி மேலே, வெள்ளத்துக்குப் பயந்து. மாடி ஹாலில் சாய்ச்சட்ட ஜன்னல் பதினாலு. சுருட்டு வியாபாரி வெள்ளைக்காரன் புகையிலை உலர்த்தக் கட்டினதாம். அக்காவின் கொள்ளுத்தாத்தா வாங்கி வாழை போட்டார்.

கூரை: தேக்கு விட்டம், மேலே நிறுத்தி அடுக்கின குத்துச் செங்கல், அதுக்கு மேலே சுண்ணாம்பு. ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்தேன். ஹால் கல்லு மாதிரி. மழைத்தண்ணி சேரும் வடக்கு ரூம் விட்டத்தில் பிடி வரை இறங்கிடுச்சு.

சுண்ணாம்பு குடிச்ச தண்ணியை வெயிலில் விட்டுடும். மேலே சிமென்ட் மூடினா தண்ணி உள்ளேயே நின்னு மரத்தைத் தின்னும். கொத்தனார் அப்பவே சொன்னார், "கடுக்காய் போட்டு சுண்ணாம்பே அரைப்போம் சார்." சிரிச்சேன். மடையன்.

அக்கா: "இந்த வீட்டை விட்டா எனக்கு எங்கங்க தூக்கம் வரும்?" காபி கொடுத்தார்.

நவ. 6, வியாழன்

ரிப்போர்ட் இரண்டு தடவை கிழிச்சாச்சு. "வீட்டின் வயது காரணமாக"ன்னு எழுதினா நான் தப்பிச்சேன். வீடு போச்சு. சிமென்ட்டை எடுத்தா சரியாகும்னு உண்மையை எழுதினா வீடு நிற்கும். இருபது வருஷத் தொழில், என் பேர்?

மனைவி: "என்னங்க குட்டி போட்ட பூனையாட்டம் சுத்துறீங்க?"

பால் பாக்கெட் மறந்தேன்.

நவ. 7, வெள்ளி

வெயில். எழுதிட்டேன். கெடுத்தது வயசு இல்லை, சிமென்ட். போட்டது நான். பெயர்த்தெடுத்து, வடக்கு ரூமுக்கு ஆறு விட்டம் மாத்தினா வீடு நிற்கும். கையெழுத்து.

அக்கா நின்னபடியே படிச்சார்.

"தெரியுங்க. அப்பா ஃபைல்ல, சிமென்ட் போடச் சொல்லி நீங்க எழுதின லெட்டர் இருக்கு. அதைப் பார்த்துத்தான் போன் பண்ணேன். கெடுத்தவரே ஒத்துக்கிட்டாத்தான் வீடு நிக்கும்னு என் தம்பி நம்புவான்."

"திட்டவாவது செய்யுங்கக்கா."

"அதுக்கென்ன, நாள் இருக்கு. திங்கக்கிழமை ஆளோட வாங்க."

கடுக்காய், சுண்ணாம்பு விசாரிக்கணும். அந்தக் கொத்தனார் இருக்காரா, தெரியல.