புதுப்பட்டியிலிருந்து சிவகாசி வரை

நேற்று மகளுக்குச் சைக்கிள் வாங்க விருதுநகர் போயிருந்தேன். ஒரு வண்டியின் கைப்பிடியில் அது எத்தனை கிலோ தாங்கும் என்று அச்சடித்த அட்டை தொங்கியது. அதற்குமேல் கடையில் நிற்க முடியவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அந்த வருஷம் தீபாவளி முடிந்து நம் புதுப்பட்டிப் பட்டாசுக் கம்பெனி அடைத்ததும் சைக்கிளிலேயே கன்னியாகுமரி போவதாக நாம் இருவரும் முடிவு செய்திருந்தோம். உன் வண்டி பழசு. அரிசி, ஸ்டவ், போர்வை எல்லாம் நான் வாங்கப்போகும் வண்டியில்தான் ஏற வேண்டும். எனக்கோ கியர் வைத்த சிவப்பு வண்டி மேல் கண். நீ அதன் பின்சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "லோடு ஏத்துனா கோணிக்கிடும்ணே" என்று கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தாய். தடித்த கம்பியும் இரும்புக் கேரியரும் உள்ள கறுப்பு வண்டியைத் தேர்ந்தெடுத்து, என்னைப் பின்னால் உட்காரவைத்துத் தெருவைச் சுற்றி வந்தாய். "ஏலே, அழகப் பாத்து வாங்கக் கூடாது. சுமையப் பாத்து வாங்கணும்."

சீசன் உச்சத்தில் இருந்தபோது மருந்து கலக்கும் அறை வெடித்தது. பேக்கிங் கொட்டகையிலிருந்து நான் ஓடி வந்தபோது நீ உன் காலிலேயே நடந்து வந்துகொண்டிருந்தாய். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. கம்பெனி வேன் லோடு இறக்கப் போயிருந்தது. ஈரத்துணியைப் போர்த்தி உன்னை அந்தக் கறுப்பு வண்டியின் கேரியரில் உட்காரவைத்துச் சிவகாசி ஆஸ்பத்திரிக்கு மிதித்தேன்.

"இப்படி மிதிச்சா கன்னியாகுமரிக்கு ஒரு மாசம் ஆகும்லே" என்றாய். சிரிக்கத்தான் பார்த்தாய்.

வண்டி தாங்கியது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் நீ போய்விட்டாய்.

காரியம் முடிந்த அன்று உன் மனைவி என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "வழியில எங்கனயும் நிக்காமத்தானண்ணே கூட்டிட்டுப் போனீக?"

"நிக்கலம்மா" என்றேன்.

நின்றேன். பாதி வழியில், மேட்டில் மூச்சு முட்டி, காலை ஊன்றி நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நீ என் முதுகில் நெற்றியைச் சாய்த்து, "மெதுவா மூச்சு வாங்கிக்கலே, நான் இங்கனதான இருக்கேன்" என்றாய்.

நின்ற அந்த நேரத்தை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவள் இப்போதும் தெருவில் பார்த்தால், "நிக்காம மிதிச்ச அண்ணன்" என்றுதான் பிள்ளைகளிடம் என்னைக் காட்டுகிறாள்.