இஸ்மார்ட்

12 ஆகஸ்ட் 1981, புதன்

ஈப்போவில் இன்று ஆங்கில ஆசிரியர்களுக்கான பயிற்சி. 'தாய்மொழிக் குறுக்கீடு' என்பதை என்னை விளக்கச் சொன்னார்கள். தாய்மொழியில் பேசிப் பழகிய நாக்கு ஆங்கிலத்திலும் அதே வேலையைக் காட்டுவது என்றேன். உதாரணம் கேட்டார்கள். என் கணவர் கூட்டாளிகளிடம் பெருமையாகச் சொல்வதை அப்படியே பேசிக் காட்டினேன்.

"மை வைஃப் வெரி இஸ்மார்ட்!"

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். திரும்பினால், என்னை அழைத்துப்போக வந்த அவர் கையில் ஹெல்மெட்டோடு வாசலில் நிற்கிறார்.

மோட்டார் சைக்கிளில் புந்தோங் திரும்பினோம். வீட்டுக்கு வந்ததும், கோபமே இல்லாமல் கேட்டார்.

"அத எப்படி லா சொல்லணும்?"

"ஸ்மார்ட். முன்னால 'இ' வராதுங்க."

"ஸ்... இஸ்..." வரவில்லை. "சரி, விடு" என்று குளிக்கப் போய்விட்டார்.

இருட்டியதும் பக்கத்து வீட்டுச் சீனர் வேலியோரம் வந்தார். அவரும் என் கணவரும் தினமும் ஆங்கிலத்தில்தான் அரட்டை அடிப்பார்கள்.

"யுவர் வைஃப் கோர்ஸ் ஓகே ஆ?"

கணவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு மலாயில் பதில் சொன்னார். கடைசிவரை மலாயிலேயே பேசினார்.

நினைத்ததையெல்லாம் கூச்சமில்லாமல் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்த மனிதர். நான், இங்கிலீஷ் டீச்சர், அவர் வாயை அடைத்துவிட்டேன்.