இரண்டாம் மாடி வீடு விற்பனைக்கு

மார்ச் 3, திங்கள்

எதிர்ப்பக்கம் எழும்பிக்கொண்டிருக்கும் புதுக் கட்டடத்தில் பேனரை மாற்றிவிட்டார்கள். போன வாரம் வரை சதுர அடி ஏழாயிரம். இன்று காலை ஐயாயிரத்து நானூறு. கூடவே மாடுலர் கிச்சன் இலவசம். கீரை வாங்கப் போன நான் ரோட்டோரம் நின்று இரண்டு முறை படித்தேன்.

விலை இறங்குகிறது என்று எனக்குத் தீபாவளியிலிருந்தே தெரியும். மேடவாக்கத்தில் இத்தனை வருஷமாக வீடு விற்கிறவளுக்கு, போன் அடிப்பது குறைந்தாலே புரிந்துவிடும். கம்பெனிகளில் ஆளைக் குறைக்கிறார்கள், வாடகைக்கு இருந்தவர்கள் ஊருக்குப் போகிறார்கள். யார் வந்து வாங்குவார்கள்? ஆனால் தெரிந்த விஷயத்தையே பெரிய எழுத்தில் ரோட்டில் பார்ப்பது வேறு மாதிரி இருக்கிறது.

எங்கள் குடியிருப்பில் பாதிக்கு மேல் நான் விற்ற வீடுகள்தான். நானும் என் கணவரும் இங்கேதான் மூன்றாம் மாடியில் வாங்கினோம். மாலைக்குள் வாட்ஸ்அப் குழு பற்றிக்கொண்டது. “ஜெயஸ்ரீ மேடம் எங்கே, ஆளையே காணோம்?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

இங்கேதான் இருக்கிறேன். எங்கே போவேன்?

மார்ச் 5, புதன்

லிஃப்டில் மூன்று பேர். ஒருவர்கூடப் பேசவில்லை. போன வருஷம் இதே லிஃப்டில், “நம்ம வீடு இப்ப என்ன போகும் மேடம்?” என்று கேட்காமல் யாரும் இறங்கியதில்லை.

மார்ச் 9, ஞாயிறு

கார் நிறுத்துமிடத்தில் சங்கக் கூட்டம். செயலாளர் சூர்யநாராயணன் சார் தீர்மானம் எழுதிக் கொண்டுவந்திருந்தார்: சதுர அடி ஆறாயிரத்து ஐநூறுக்குக் கீழே யாரும் விற்கக்கூடாது. மீறினால் சங்கம் ஆட்சேபணை இல்லை என்ற என்ஓசி கடிதம் தராது. அந்தக் கடிதம் இல்லாமல் வாங்குகிறவருக்கு பேங்க் லோன் கிடைக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள்.

என் முறை வந்தது. “சார், இங்க நாம கையெழுத்து போட்டா, வாங்க வர்றவனும் சேர்ந்து போட்டுடுவானா?” என்றேன். சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

“நீங்கதானேம்மா சொன்னீங்க? ‘மேடவாக்கத்துல விலை இறங்கவே இறங்காது, தைரியமா வாங்குங்க சார்’னு. சொன்னீங்களா இல்லையா?”

சொன்னேன். முதல் மாடியில் குடியிருக்கிற சாருக்கு, ரிட்டையர் ஆன கையோடு நாலாம் மாடியில் இன்னொரு வீட்டையும் வாங்கிக்கொடுத்தது நான்தான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“சொன்னேன் சார். நம்பித்தான் சொன்னேன். நம்பினதாலதான் நானும் இதே பில்டிங்ல வாங்கினேன். என் கணிப்பு தப்பாப் போச்சு. அதுக்காக இன்னொரு தப்புல கையெழுத்து போடமாட்டேன்.”

மேலே வந்து காபி கலந்தேன். சொன்னதில் வருத்தம் இல்லை. விலை ஏறிய வருஷங்களில் யாரும் ஜெயஸ்ரீ ஏற்றினாள் என்று சொல்லவில்லையே. அவரவர் சாமர்த்தியம் என்றுதானே சொல்லிக்கொண்டார்கள்?

மார்ச் 10, திங்கள்

கையெழுத்துப் போடாதது நான் ஒருத்திதான் என்று நினைத்தேன். இரண்டாம் மாடி டேனியலும் போடவில்லையாம்.

மார்ச் 13, வியாழன்

ஏன் போடவில்லை என்று இன்று தெரிந்தது. டேனியலும் மனைவி ஜாஸ்மினும் வீட்டுக்கு வந்தார்கள். ஜாஸ்மின் அஸ்தினாபுரத்தில் ஒரு பள்ளியில் டீச்சர். டேனியலுக்கு அக்டோபரில் வேலை போய்விட்டது. குடியிருப்பில் ஒருவருக்கும் சொல்லவில்லை. சேமிப்பு கரைந்தது, நகை போனது, தவணை நின்றது. பேங்க்கிலிருந்து இரண்டாவது நோட்டீஸும் வந்தாயிற்று.

“இன்னும் விட்டா அவங்களே ஏலம் போட்டுடுவாங்க அக்கா. அதுக்கு முன்னாடி வித்துக் குடுங்க. லாபமெல்லாம் வேணாம். கடன் அடைஞ்சா போதும்.”

ஜாஸ்மின் தலை நிமிரவே இல்லை. இந்த வீட்டை உச்ச விலையில் இவர்களுக்கு விற்ற அன்று, சமையலறைக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று என்னிடம்தான் கேட்டாள்.

அவர்கள் போனபிறகு உட்கார்ந்து யோசித்தேன். யார் மேல் குற்றம்? தகுதிக்கு மீறிக் கடன் கொடுத்த பேங்க்கா? ஒரே மெயிலில் வேலையைவிட்டு அனுப்பிய கம்பெனியா? தேவைக்கு மேல் கட்டிவிட்டு விலையை இறக்கிய எதிர்க் கட்டடக்காரனா? வாங்கச் சொன்ன நானா? ஆசைப்பட்ட டேனியலா? பழியை இப்படி ஐந்தாகப் பங்கு போட்டுவிடலாம். நஷ்டத்தைப் போட முடியவில்லை. அது மொத்தமும் அந்த இரண்டாம் மாடியிலேயே நிற்கிறது.

சரி. யார் குற்றம் என்பது பிறகு. முதலில் விற்க வேண்டும். அது எனக்குத் தெரிந்த வேலை.

மார்ச் 22, சனி

முத்தாலம்மாள் வந்து வீட்டைப் பார்த்தார். மேடவாக்கம் கூட்ரோடு சந்திப்பில் மீன் விற்கிறவர். எங்கள் குடியிருப்பில் பாதிப் பேருக்கு ஞாயிற்றுக்கிழமை மீன் அவரிடம்தான். குடும்பம் கானாத்தூர் குப்பத்தில், மழைக்காலத்தில் முட்டிவரை தண்ணீர் நிற்கும் வீட்டில். மகன் தனசேகர் ஆஸ்பத்திரி லேபில் டெக்னீஷியன். அவன் பெயரில்தான் லோன்.

நிதானமாகப் பார்த்தார். ஒவ்வொரு குழாயையும் திறந்து மூடினார். குளியலறைச் சுவரில் உள்ளங்கையை அழுத்திப் பார்த்தார்.

“இந்தச் செவுரு ஊறிக்கினு கீது பாரு. இதுக்குத் தனியா கொறச்சிக்கணும்.”

டேனியல் முகம் செத்துவிட்டது. ஜாஸ்மின் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் முத்தாலம்மாளைப் பால்கனிக்குக் கூட்டிப்போனேன். “அம்மா, அந்தத் தம்பிக்கு வேலை போயிடுச்சு. பாவம், கொஞ்சம் பார்த்துப் பேசுங்க” என்றேன்.

“பாவமாத்தான் கீது. இல்லன்னு சொல்லல. ஆனா அவரு வேலைய நானா புடுங்கினேன்? மூணு வருசத்துக்கு முன்னால இதே கேட்டாண்ட வந்து வெலையக் கேட்டுகினு திரும்பிப் போனேன். அன்னிக்கி யாருனா என்னைப் பாத்துப் பாவம்னு சொன்னீங்களா? வெல ஏறுனா உங்களுக்கு சந்தோசம். எறங்கினாத்தான் எனக்கு வூடு. நான் இன்னா பண்ணட்டும், சொல்லு?”

விலை இறங்குவது கெட்ட சேதி என்றே இத்தனை காலமும் எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். யாருக்குக் கெட்ட சேதி என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. மூன்று வருஷம் முன்பு அவர் விலை கேட்டது என்னிடம்தானா? எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை.

அவர் விட்டுக்கொடுக்கவில்லை. சுவருக்குக் குறைத்தே ஆகவேண்டும் என்றார், குறைத்தோம். தீர்மான விலைக்கு ரொம்பக் கீழேதான். ஆனால் கடன் முழுதும் அடைந்து, கையில் கொஞ்சம் நிற்கும்.

முடித்துவிட்டேன்.

மார்ச் 29, சனி

முடியவில்லை. சூர்யநாராயணன் சார் என்ஓசி தர மறுத்துவிட்டார். வாட்ஸ்அப் குழுவில் டேனியலை ‘துரோகி’ என்று எழுதியிருக்கிறார்கள். எழுதியது யார்? டேனியலுடைய பிள்ளைகளின் பிறந்தநாளுக்குக் கேக் தின்னப் போனவர்.

அதுகூடப் பரவாயில்லை. மாடிப்படியில் ஒருத்தி என்னை நிறுத்தி, “மீன் விக்கிறவங்களா மேடம் வர்றாங்க? அப்புறம் நம்ம பில்டிங்குக்கு என்ன மதிப்பு இருக்கும்?” என்கிறாள். நேத்து அந்தம்மாகிட்ட சங்கரா மீனைப் பேரம் பேசி, கழுவி வெட்டி வாங்கிட்டு வந்த கைதானே இது! மீன் வேணும், மீன்காரம்மா வேணாமா? விலைக்கா அழறாங்க இவங்க? ச்சே. அங்கேயே கேட்டிருக்கணும். ஏன் கேக்கல? வாய் எங்க போச்சு எனக்கு?

செவ்வாய்க்கிழமை சாரை நேரிலேயே பார்க்கிறேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

சண்டைக்குத் தயாராகித்தான் போனேன். மனைவி பெங்களூரில் மகள் சுப்ரஜா வீட்டில் இருப்பதால், சார் தானே காபி போட்டுக் கொண்டுவந்தார். சர்க்கரை போட மறந்திருந்தார். நான் சொல்லவில்லை.

“நான் கெட்டவனாம்மா?” என்று அவரே ஆரம்பித்தார். “சர்வீஸ்ல சேர்த்தது மொத்தமும் அந்த நாலாம் மாடில கிடக்கு. டிசம்பர்லேர்ந்து குடியிருக்க ஆள் இல்ல, பூட்டியே கிடக்கு. பென்ஷன்ல தவணை கட்டறேன். சுப்ரஜாகிட்ட ஒரு வார்த்தை சொல்லல. சொன்னா, ‘இந்த வயசுல உங்களுக்கு எதுக்குப்பா ரெண்டாவது வீடு’ம்பா.”

கொண்டுபோன கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இவரும் பாவம்தான். ஆனால் இவர் பாவத்துக்கு டேனியல் விலை கொடுக்க முடியாது.

“சார், நீங்க என்ஓசி தரலேன்னா அந்த வீடு பேங்க் ஏலத்துக்குப் போகும். ஏலத்துல முத்தாலம்மா தர்றதைவிடக் கம்மியாத்தான் போகும். பேப்பர்ல நம்ம குடியிருப்பு பேரோட விளம்பரம் வரும். அப்புறம் உங்க நாலாம் மாடிய யாருகிட்ட என்ன விலைக்குச் சொல்றது?”

அவர் ஜன்னல் வழியாக அந்தப் பேனரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்குத் தோன்றியது. போகும்போது யோசித்துவைத்ததில்லை. வாயிலிருந்து தானாக வந்தது.

“உங்க நாலாம் மாடிக்கு வாடகைக்கு ஆள் இருக்கு சார்.”

“யாரு?”

“டேனியல்.”

“விளையாடறீங்களா? வேலை இல்லாதவருக்கா?”

“ஜாஸ்மின் சம்பளம் வருது. வீடு வித்த மீதியில ஆறு மாச வாடகைய முன்னாடியே வாங்கித் தர்றேன். வீட்டைச் சொந்த வீடு மாதிரி வச்சிருப்பாங்க. அவங்களுக்கு அதுதானே பழக்கம்?”

யோசித்துச் சொல்கிறேன் என்றார். டேனியலிடம் இன்னும் நான் கேட்கவே இல்லை என்பதை சாரிடம் சொல்லவில்லை.

ஏப்ரல் 2, புதன்

சாரிடமிருந்து போன் இல்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

ஜாஸ்மின் முதலில் முடியவே முடியாது என்றாள். “சொந்தமா இருந்துட்டு, அதே பில்டிங்ல வாடகைக்கா அக்கா? எல்லாரும் பார்க்க? நான் எப்படி லிஃப்ட்ல ஏறுவேன்?”

“நான் எப்படி ஏறுறேனோ அப்படித்தான். ஒரு மாசமா எங்கிட்டயும்தான் யாரும் பேசல. செத்தா போயிட்டேன்?”

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது அவளுக்கு. டேனியல் மட்டும் மெதுவாக, “பசங்க ஸ்கூல் மாறவேணாம் ஜாஸ். வேனும் இந்த கேட்டுக்கேதான் வரும்” என்றார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நாலாவது மாடியில காத்து நல்லா வரும், இல்லக்கா?” என்று கேட்டாள்.

மாலையில் சார் கூப்பிட்டு என்ஓசியைக் கையில் கொடுத்தார். “குழுவுல நீங்களே விளக்கம் சொல்லிடுங்க. எனக்குத் தெம்பில்ல” என்றார். சொன்னேன். நான்கே வரி. இரண்டு பேர் குழுவைவிட்டு வெளியேறினார்கள். போகட்டும், தண்ணி லாரி வருமா என்று கேட்க நாளையே திரும்பி வருவார்கள்.

ஏப்ரல் 5, சனி

வந்துவிட்டார்கள்.

ஏப்ரல் 21, திங்கள்

பத்திரப்பதிவு முடிந்தது. கமிஷன் வேண்டாம் என்று சொல்லிவிடேன் என்று கணவர் காலையிலேயே சொன்னார். மாட்டேன் என்றேன். முத்தாலம்மாளிடம் முழுசாகவும் டேனியலிடம் பாதியும் வாங்கினேன். இலவசமாகச் செய்தால் டேனியலைப் பார்த்து நான் பரிதாபப்படுவதாக ஆகிவிடும். அவரால் இன்று அதைத் தாங்கமுடியாது.

சாவியைக் கொடுக்கும்போது டேனியல் முத்தாலம்மாளிடம், “பால்கனிக் கதவு மழைக்கு உப்பிடும்மா. மேல தூக்கித் தள்ளணும், இல்லேன்னா மாட்டிக்கும்” என்றார்.

“செரி கண்ணு,” என்றார் முத்தாலம்மாள். “எனுக்கு வரலன்னா உன்னைத்தான் கூப்புடுவேன். நாலாவது மாடிதானே? எறங்கி வா.”

சூர்யநாராயணன் சார் பத்திரப்பதிவுக்கு வரவில்லை. ஆனால் சாயந்திரம் நாலாம் மாடியில் விளக்கு எரிந்தபோது, கீழே செடிக்குத் தண்ணீர் விட்டபடி நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மே 11, ஞாயிறு

இரண்டாம் மாடியில் பால் காய்ச்சினார்கள். வராதவர்கள் வரவில்லை. வந்தவர்களுக்கு வடை தீர்ந்து, தனசேகர் ஓடிப்போய் இட்லி வாங்கிவந்தான்.

ஜூன் 22, ஞாயிறு

விலை இன்னும் ஏறவில்லை. இந்த மாதம் நான் விற்றது ஒன்றே ஒன்று. பெரும்பாக்கம் பக்கம் வாடகை வீடுகள் பிடித்துக்கொடுத்து ஓட்டுகிறேன். ஓடுகிறது.

இன்று ஆண்டுப் பொதுக்குழு. லாரித் தண்ணீருக்குக் கொட்டி அழுவதா, புது போர்வெல் போடுவதா என்று வாக்கெடுப்பு. ஓட்டு வீட்டுச் சொந்தக்காரர்களுக்கு மட்டும்தான். டேனியலுக்குக் குரோம்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில், பழைய சம்பளத்தில் பாதிக்கு, வேலை கிடைத்திருக்கிறது. மகனுடைய சைக்கிளைப் பிடித்துக்கொண்டு தூணோரமாகத் தள்ளி நின்றிருந்தார். முத்தாலம்மாள் முன்வரிசையில், நடுநாயகமாக.

சூர்யநாராயணன் சார் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார். தன் இரண்டு வீட்டுக்கும் எழுதி அனுப்பியிருந்தார். பொருளாளர் படித்தார்: முதல் மாடி வீட்டின் ஓட்டு, போர்வெல் வேண்டாம். நாலாம் மாடி வீட்டின் ஓட்டை, அங்கே குடியிருக்கும் டேனியல் போடுவார்.

முத்தாலம்மாள் பக்கத்து நாற்காலியிலிருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். “இன்னா நின்னுகினே கீற? வா, குந்து.”

டேனியல் வந்து உட்கார்ந்தார். போர்வெல் வேண்டும் என்பவர்கள் கைதூக்கச் சொன்னார்கள். நான் தூக்கினேன். முத்தாலம்மாள் தூக்கினார். டேனியல் ஒருமுறை சுற்றும் பார்த்துவிட்டு, கையைத் தூக்கினார்.

சார் பெங்களூரிலிருந்து வந்து கத்துவார். கத்தட்டும்.