ரம் சேர்க்காத கேக்

இன்று காலை மருமகள் கடையிலிருந்து வாங்கி வந்த பையைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு சின்னச் சீசாவின் மூடி சரியாக மூடாமல் கசிந்திருந்தது. விரலை முகர்ந்தேன். ரம் எசன்ஸ். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். நீ கண்ணை மூடி ஆறு வருஷம் ஆகிறது. ஆனாலும், மராத்தி பேசும் கட்கியில் நாம் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தோமே, எண்பதுகளின் தொடக்கத்தில், அந்த டிசம்பர் முழுதாக வந்து நின்றது.

என் கேக்கைப் பற்றி எனக்கு அப்போது கர்வம் அதிகம். பள்ளியில் கணக்கு டீச்சர்தான். சர்ச்சில் எல்லோருக்கும் கேக் டீச்சர். வெனிலா தீர்ந்துபோனால் ஆரஞ்சுத் தோலைச் சீவிப் போடுவேன். பாதாம் எசன்ஸ்தான் கையில் இருக்கிறதென்றால் கால் பங்கோடு நிறுத்துவேன், கூடினால் கசக்கும். எதற்கு எது ஈடு என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த வருஷம் ஈஸ்டரிலிருந்து உன் வீட்டுக்காரர் குடியை விட்டிருந்தார். அதற்கு முன்பெல்லாம், தொழிற்சாலையில் சம்பளம் போடும் நாளன்று உன் பிள்ளைகள் இரண்டும் சாயங்காலமே என் வீட்டுக்கு வந்துவிடும். ஏன் அனுப்புகிறாய் என்று நான் கேட்டதில்லை.

"இந்தத் தடவ கேக்குல ரம் வேண்டாம்ட்டி," என்றாய். "எட்டு மாசமா எப்படியோ சமாளிச்சு வாராவ."

தலையாட்டினேன். ஆனால் அந்த மணம் இல்லாத கேக்கை என் கையால் எப்படிக் கொடுப்பது? கேம்ப் கடைத்தெருவில் ஒரு கடைக்காரர் ஒரு சீசாவை எடுத்து நீட்டினார். "தாரு நஹி, சிர்ஃப் குஷ்பூ," என்றார். சாராயம் இல்லை, வாசனை மட்டும். இதைவிட நல்ல ஈடு கிடைக்காதென்று இரண்டு ஸ்பூன் ஊற்றினேன். உன்னிடம் சொல்லவில்லை.

கிறிஸ்துமஸ் மதியம் உன் வீட்டு மேஜையில் கேக்கை வெட்டினோம். உன் வீட்டுக்காரர் துண்டை வாயருகே கொண்டுபோனவர், அப்படியே தட்டில் வைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

"என்னத்தட்டி போட்ட?"

"ஒரு சொட்டு ரம்கூட இல்ல. வெறும் எசன்ஸ்தான்."

"நாக்குக்கு முந்தி மூக்குக்குப் போவும்லா?"

நீ கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வாசலில் போய் நின்றாய். நானும் பக்கத்தில் நின்றேன். பிள்ளைகள் கேக்கைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மணி நேரம் கழித்துத் தெருமுனையில் அவர் சட்டை தெரிந்ததும் என் கையைப் பிடித்தாய். மணிக்கட்டு வலித்தது.

"பாலம் வரைக்கும் நடந்துட்டு வந்தேன் டீச்சர்," என்றார் அவர். "அந்த வாசன வந்ததும் கை தானா கிளாஸத் தேடுது. உங்க தப்பில்ல."

என் தப்புதான். அவரிடம் அப்படியே சொன்னேன்.

மறுநாள் நீ என் சமையலறைக்கு வந்தபோது சண்டைக்குத் தயாராக இருந்தேன். உன் கையில் நாலு ஆரஞ்சு இருந்தது. "புத்தாண்டுக்கு வேற கேக் போடுவோம்," என்றாய். ஆரஞ்சுச் சாற்றிலும் பால் சேர்க்காத டீயிலும் பழங்களை ஊறவைத்தோம். சீனியைக் கருக்கும்போது நான் பயந்து ஸ்டவ்வை அணைக்கப் போனேன். "இன்னுங் கருகட்டும், பேசாம இரு," என்று என் கையைத் தட்டிவிட்டாய். கசக்கத் தொடங்குமுன் வெந்நீரை ஊற்றியதும் நீதான். கிராம்பு, சாதிக்காய், சுக்கு இடித்துப் போட்டோம். கேக் தகரத்தைப் பேக்கரி அடுப்புக்கு நீயே தூக்கிப்போய்ச் சுட்டு வந்தாய்.

புத்தாண்டன்று அவர் முதலில் முகர்ந்து பார்த்தார். பிறகு மூன்று துண்டு சாப்பிட்டார். கடைசிவரை அவர் திரும்பக் குடிக்கவில்லை. அதற்கும் என் கேக்குக்கும் சம்பந்தமில்லை, அது அவருடைய பாடு. ஆனால் ரம் ஊற்றியதைவிட அந்தக் கேக் நன்றாக இருந்தது; இதை நான் எங்கேயும் தயங்காமல் சொல்வேன். அதன்பிறகு நான் வேறு கேக் போட்டதேயில்லை.

போன டிசம்பரில், மாடிக்குப் புதிதாகக் குடிவந்த மராத்திப் பெண்ணிடம், கேக்கில் எது சேர்க்கக் கூடாது என்று கேட்டேன். உன்னால் வந்த பழக்கம். எந்த வீட்டுக்கும் கேட்காமல் நான் மாவு குழைப்பதில்லை. அவள் சற்று யோசித்து, ஏலக்காய் வேண்டாம் என்றாள். காரணம் அவள் சொல்லவில்லை, நான் கேட்கவுமில்லை. ஏலக்காய் டப்பாவைத் திறக்காமலே அவளுக்கென்று தனியாக ஒரு கேக் போட்டேன்.